கடைக்கால உரோமானிய வெள்ளிக் காசுகளை இனங்காணல்

(வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவியரங்குக்கும் நூல் திறனாய்வுக்கும் பழகிய இம்மேடையில் காசைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். புலவர்க்கும் காசுக்கும் இடையே உள்ள தொலைவு சங்ககாலம் தொட்டு நாம் அறிந்ததுதான். ஆயினும் நான் பேசப்போவது கடைத்தெருவில் செல்லாத காசு. ஆதலால் அஞ்சவேண்டியதில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருமுல்லைவாயில், திருவேற்காடு என்று நம்மைச் சூழ்ந்துள்ள ஊர்களின் பழமையைப் பாட விரும்பும் இளங்கவிஞர்கள் இன்று பலர் உள்ளனர். கிணறு தோண்டும்போதும் மனைக்கு அடித்தளம் பறிக்கும்போதும் தலை பொறித்த சிறு வெள்ளிக் காசு கிடைத்தது என்ற செய்தி காதில் விழுந்தவுடன், "உரோமாபுரி வெள்ளி எங்கள் ஊர் மண்ணில்" என்று ஓரடி பிறந்துவிடுகிறது. அந்த அடி அச்சேறிவிட்டால் அடுத்த தலைமுறை அதனை வரலாறாக எடுத்துக்கொள்ளும். தலபுராணங்கள் சிலவற்றுக்கு நேர்ந்தது இதுவே. ஆகவே கடைக்கால உரோமானியப் பேரரசர்களின் வெள்ளிக் காசை எவ்வாறு இனங்காண்பது, அது நம் மண்ணில் கிடைக்கக்கூடியதா என்ற இரண்டு வினாக்களை இன்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதை முதலில் பார்ப்போம்.

தமிழகம் கண்ட வெள்ளியும் செம்பும்

தமிழ்நாட்டில் உரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்துள்ளன என்பதில் ஐயமில்லை. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு கிடைத்த புதையலில் மட்டும் 500க்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இருந்தன. அதே ஊரில் 1891இலும் பின்னரும் மீண்டும் புதையல்கள் வெளிப்பட்டன. பொள்ளாச்சி, கரூர் வட்டாரங்களும் இவ்வகையில் புகழ்பெற்றவை. நமக்கு அண்மையில், சென்னை மாம்பலத்தில், முத்திரை குத்திய உள்நாட்டு வெள்ளிக் காசுகளோடு அகஸ்டஸ் பேரரசரின் வெள்ளிக் காசும் சேர்ந்து கிடைத்திருக்கிறது.

இக்காசுகளுக்குத் 'தினாரியஸ்' என்று பெயர். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை இரண்டே பேரரசர்களுக்கு உரியவை. ஒருவர் கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை ஆண்ட அகஸ்டஸ். மற்றவர் அவரை அடுத்து 37 வரை ஆண்ட டைபீரியஸ். அகஸ்டஸின் காசில் அவருடைய பேரர்களான கேயஸ், லூசியஸ் இருவரும் கேடயங்களுக்கு இருபுறமும் நிற்பர். டைபீரியஸின் காசில் ஒரு பெண்ணுருவம் கையில் கோலோடு இருக்கையில் அமர்ந்திருக்கும். இவ்விரு வகைகளை அறிந்தவர் தமிழகத்து உரோமானிய வெள்ளியின் பெரும்பகுதியை அறிந்தவராவார்.

இவர்கள் உரோமானியப் பேரரசின் தொடக்க காலத்தவர். நாணயவியலார் 'கடைக்காலம்' என்று குறிப்பது ஏறத்தாழ டயோக்ளீஷியன் பட்டமேறிய 284ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட காலத்தை. கான்ஸ்டன்டைன், அவர் மகன் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ், ஜூலியன், வேலன்ஸ், தியோடோசியஸ், ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ் ஆகியோர் இக்காலத்துப் பெயர்கள். இவர்களுடைய காசுகளும் தமிழகத்தில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ஆனால் அவை செம்பு. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலும் மதுரையிலும் சுண்டுவிரல் நகத்தளவே உள்ள இச்செப்புக் காசுகள் கிடைத்தன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி, கரூர், மதுரைக் காசுகளைத் தொகுத்து ஆராய்ந்து 1994இல் தனி நூலே வெளியிட்டார். அவர் 2021இல் மறைந்தார். இலங்கையிலோ இவை ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அவற்றைப் பார்த்து அங்கேயே செய்துகொண்ட போலிக் காசுகளும் உண்டு.

ஆக, நம் மண் காட்டும் கணக்கு இது: முற்காலப் பேரரசர்களுக்கு வெள்ளியும் பொன்னும், கடைக்காலப் பேரரசர்களுக்குச் செம்பும் சிறிது பொன்னும். கடைக்கால வெள்ளிக்கு உரிய இடம் ஏறக்குறைய வெறுமையாகவே உள்ளது. பூந்தமல்லியில் ஹொனோரியஸின் வெள்ளிக் காசு கிடைத்தது என்று ஒருவர் சொன்னால், அது நடக்கவே நடக்காது என்று நாம் மறுக்கவேண்டியதில்லை. ஆனால் அதற்கு மிக வலுவான சான்று கேட்கவேண்டும்.

வெள்ளி ஏன் நின்றது?

இதற்குக் காரணம் உலோகத்திலேயே இருக்கிறது. அகஸ்டஸ் காலத்தில் உரோமானிய நிறையில் ஓர் இறாத்தல் வெள்ளிக்கு 84 தினாரியஸ் அடித்தனர். நீரோ மன்னர் 64ஆம் ஆண்டில் அதனை 96 ஆக்கினார். காசின் எடை குறைந்தது, தூய்மையும் குறைந்தது. நம் வணிகர் இதனைக் கவனிக்காமல் இல்லை. நீரோவின் மாற்றத்துக்குப் பிற்பட்ட வெள்ளி இங்கு மிக அரிது. பழைய காசையே விரும்பி வாங்கினர் என்பதே பொருந்தும் விளக்கம்.

இலங்கை மன்னன் ஒருவன் உரோமானியக் காசுகளைக் கண்டு, வெவ்வேறு பேரரசர்களின் தலை பொறித்திருந்தும் எடை ஒன்றாக இருக்கிறதே என்று வியந்தான் என்று பிளினி எழுதுகிறார். நம் பக்கத்து மக்கள் காசில் முதலில் பார்த்தது தலையை அன்று, எடையை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ!

215ஆம் ஆண்டு கேரக்கல்லா பேரரசர் கதிர்முடி சூடிய தலையோடு புதிய வெள்ளிக் காசு ஒன்றை வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்குள், கேலியனஸ் ஆட்சியில், அது வெள்ளி பூசிய செம்பாகிவிட்டது. டயோக்ளீஷியன் 294ஐ ஒட்டி மீண்டும் நல்ல வெள்ளிக் காசு அடித்தார். இறாத்தலுக்கு 96 என்ற கணக்கைச் சில காசுகளின் மேலேயே உரோமானிய எண்ணால் பொறித்தார். நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் ஏறத்தாழ 2 கிராம் எடையுள்ள மெல்லிய வெள்ளிக் காசு பெருகியது. இதனை இன்று நாணயவியலார் 'சிலிகுவா' என்பர். நம் தலைப்புக்கு உரிய காசு இதுவே.

இந்தச் சிலிகுவா பெருமளவில் புழங்கியது மேற்கு ஐரோப்பாவில். டிரியர், ஆர்ல், லியோன், மிலான் முதலிய மேற்கத்திய அக்கசாலைகளில் அது மிகுதியாக அடிக்கப்பட்டது. 1992இல் இங்கிலாந்தின் ஹாக்ஸன் என்ற சிற்றூரில் ஏறத்தாழ 15,000 காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அதில் மிகப் பெரும்பாலானவை சிலிகுவாக்கள். நம்மோடு செங்கடல் வழியே வணிகம் செய்ததோ அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா உள்ளிட்ட கீழைப் பகுதி. அங்கே பொன்னும் செம்புமே பெருவழக்கு. கரூர், மதுரைச் செப்புக் காசுகளில் அக்கசாலைக் குறி தெரியுமிடத்து, பெரும்பாலும் கீழை நகரங்களின் பெயரே தெரிகிறது. காசு வந்த வழியைக் காசே சொல்கிறது.

ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிரேக்கர் எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சியும் இங்கு நினைக்கத்தக்கது. இலங்கை மன்னன் அவையில் சோபாத்ரஸ் என்னும் உரோமானிய வணிகனும் பாரசீகத் தூதன் ஒருவனும் யார் அரசன் பெரியவன் என்று வழக்காடினர். "இரு அரசர்களும் இங்கேயே இருக்கின்றனர், பார்த்துக்கொள்ளுங்கள்" என்றான் சோபாத்ரஸ். அவன் சொன்னது இருவர் காசுகளையும். மன்னன் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உரோமானியனுக்கே தீர்ப்பளித்தான். கவனியுங்கள்: உரோமானியன் நீட்டியது பொற்காசு, வெள்ளிக் காசை நீட்டியவன் பாரசீகன். கடைக்கால உரோமாபுரி இக்கடற்பகுதிக்குப் பொன்முகம் காட்டியே அறிமுகமாயிற்று. சங்கப் பாடலும் பொன்னையே சொல்கிறது. யவனர் கப்பல் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றின் 149ஆம் பாட்டில் வருவதை நீங்கள் அறிவீர்கள்.

காசைக் கையில் எடுத்தால்

இனி, சிலிகுவா என்று ஒருவர் ஒரு காசை நீட்டினால் எவ்வாறு பார்ப்பது? ஒழுங்கு ஒன்றை வகுத்துக்கொண்டால் தடுமாற்றம் இராது.

முதலில் எடை. பொற்கொல்லரின் மின்தராசே போதும். நறுக்கப்படாத சிலிகுவா 2 கிராம் அளவில் நிற்கும். 3 கிராமுக்கு மேல் நின்றால் அது முற்காலத் தினாரியஸாகவோ டயோக்ளீஷியன் காலத்ததாகவோ, சிலிகுவாவிலேயே முந்திய கனமான வகையாகவோ இருக்கலாம். பிரிட்டனில் கிடைக்கும் சிலிகுவாக்கள் பல, விளிம்பு நறுக்கப்பட்டு எடை குறைந்தவை.

அடுத்தது நீரில் நிறுத்தல். காற்றில் ஒரு நிறை, மெல்லிய நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு ஒரு நிறை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டால் முதல் நிறையை வகுத்தால் ஒப்படர்த்தி வரும். தூய வெள்ளிக்கு அது 10.5, செம்புக்கு 9ஐ நெருங்கும். சிலிகுவா நல்ல வெள்ளி. ஆகவே விடை 10ஐத் தாண்டவேண்டும். உரைகல்லில் மட்டும் உரசவேண்டாம்.

மூன்றாவது தலை. முற்காலப் பேரரசர் தலையில் இலைமாலை இருக்கும். கேரக்கல்லாவின் புதுக் காசில் கூர்முனைக் கதிர்முடி. கான்ஸ்டன்டைனுக்குப்பின் முத்துப் பதித்த பட்டம். அதன் முடிச்சு பிடரியில் தொங்கும். முகமோ ஆளுக்கு ஆள் மாறாது. முற்காலக் காசில் காணும் தனிமுகச் சாயலைக் கடைக்காலத்தில் தேடவேண்டாம். எல்லாரும் நேர்மூக்கும் பெரிய கண்ணுமாக ஒரே அச்சில் வார்த்தவர்போல் இருப்பர். ஆனால் தாடி ஒரு நல்ல அடையாளம். நான்காம் நூற்றாண்டுப் பேரரசர் பெரும்பாலோர் மழித்த முகத்தினர். தாடியோடு ஒரு தலை கண்டால் 361 முதல் 363 வரை பேரரசராக ஆண்ட ஜூலியனையோ, 392இல் மேற்கே அரியணையைக் கைப்பற்றிய யூஜீனியஸையோ முதலில் நினைக்கலாம்.

நான்காவது எழுத்து. தலையைச் சுற்றி இலத்தீன் எழுத்து ஓடும். கடைக்காலத்தில் அது பெரும்பாலும் 'டி, என்' என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும். 'தொமினுஸ் நோஸ்தர்' என்பதன் சுருக்கம் அது. 'எம் தலைவன்' என்று பொருள். இடையில் பேரரசன் பெயர். இறுதியில் 'பி, எஃப்' என்பதும், 'அவுகுஸ்துஸ்' என்பதன் முதல் மூன்று எழுத்தும் வரும். பற்றுடையோன், பேறுடையோன், பேரரசன் என்பது கருத்து. 'யு' ஒலிக்கும் 'வி' வடிவையே எழுதுவர் என்பதை நினைவிற் கொண்டால் பெயரைப் படிப்பது எளிது. பெயர் தேய்ந்திருந்தாலும் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் எஞ்சியிருந்தால் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பெரும்பாலும் தீர்வு காணலாம். ஓலைச்சுவடியில் பூச்சி அரித்த சீரை யாப்பும் பொருளும் கொண்டு நிரப்பும் புலவர்க்கு இவ்வித்தை புதிதன்று.

ஐந்தாவது மறுபக்கம். மாலை வளையத்துக்குள் எழுத்தும் எண்ணும் மட்டும் இருந்தால், அது நேர்த்திக்கடன் காசு. 'பத்தாண்டு ஆட்சி நிறைவுக்குச் செலுத்திய வேண்டுதல், இருபதுக்கு நேர்ந்துகொண்டது' என்ற கருத்தில் 'வோட்' என்பதை அடுத்துப் பத்தும், 'முல்ட்' என்பதை அடுத்து இருபதும் உரோமானிய எண்ணில் இருக்கும். வளையம் இல்லாமல், கையில் சிறு வெற்றித்தேவதையையும் கோலையும் ஏந்தி அமர்ந்த உரோமாபுரித் தெய்வம் இருந்தால், நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

ஆறாவது அடிக்குறி. மறுபக்கத்தின் அடியில் சிற்றெழுத்துகளில் அக்கசாலையின் பெயர்ச்சுருக்கம் இருக்கும். 'டி, ஆர்' என்றால் டிரியர். 'எம், டி' என்றால் மிலான். 'எல், வி, ஜி' என்றால் லியோன். இவற்றோடு 'பி, எஸ்' சேர்ந்திருந்தால் புடமிட்ட வெள்ளி என்று பொருள்.

தோற்ற மயக்கம் தருவன

மயக்கம் தரும் காசுகள் நான்கினைச் சொல்லியாகவேண்டும். முதலாவது, நான் முன்னே சொன்ன வெள்ளி பூசிய செம்பு. பூச்சு எஞ்சியுள்ள காசு முதற்பார்வைக்கு வெள்ளியாகவே தெரியும். தராசும் நீரும் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, மேற்கு இந்தியாவை ஆண்ட சத்திரபர்களின் வெள்ளிக் காசு. எடை ஏறத்தாழ 2 கிராம். ஒரு பக்கம் மன்னனின் தலை. சுற்றிலும் சிதைந்த கிரேக்க எழுத்து. சிலிகுவாவோடு குழப்பிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான காசு இல்லை. மறுபக்கத்தில் மூன்று முகடுள்ள மலையும் பிறையும் கதிரவனும், சுற்றிப் பிராமி எழுத்தும் கண்டால் ஐயம் தீரும்.

மூன்றாவது, சாதவாகன மன்னர்களின் தலை பொறித்த வெள்ளிக் காசு. அதன் ஒரு பக்கம் பிராகிருதம். மறுபக்கத்து மொழியைத் தமிழ் என்றே படிக்கும் அறிஞர் உளர்.

நான்காவதுதான் நமக்கு நெருக்கமானது. கரூரில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளில் மன்னனின் தலை உரோமானியச் சாயலில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தலைக்கு மேலே தமிழ் பிராமியில் 'மாக்கோதை' என்று ஒன்றிலும், 'குட்டுவன் கோதை' என்று மற்றொன்றிலும் எழுதியிருக்கிறது.

அன்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். தேய்ந்த ஒரு வெள்ளிக் காசை எடுத்து, தலையைக் கண்டவுடன் 'உரோமாபுரி' என்று முடிவுகட்டிப் பெருமிதம் கொண்டவர், எழுத்தைப் படிக்காமல் விட்டால் இழக்கப்போவது எது? தன் பெயரைத் தமிழில் எழுதிக்கொண்ட சேரனை அல்லவா! கடைக்கால உரோமானிய வெள்ளி உலக அருங்காட்சியகங்களில் ஆயிரக்கணக்கில் உண்டு. மாக்கோதை காசு அரிது. அயலான் பெயரைத் தேடும் ஆர்வத்தில் நம்மவன் பெயர் மறைந்துபோகும் இந்த இடர்ப்பாட்டுக்காகவே இத்தனை நேரம் உங்களை இலத்தீன் எழுத்துகளில் அலைக்கழித்தேன்.

போலியும் புளியும்

பழங்காசு விற்போரிடம் போலிகள் உண்டு. நம் பகுதியில் இதனை விளக்குவது எளிது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் அச்சுப் பட்டறையில் வேலை செய்வோரும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உலோகத்தோடு பழகியோரும் நம் வட்டத்தில் இருக்கின்றனர். பழங்காசு, பட்டடையில் பதித்த கீழச்சுக்கும் கையில் பிடித்த மேலச்சுக்கும் இடையே வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்தது. ஆதலால் படம் நடுவிலிருந்து விலகியிருக்கும். விளிம்பில் வெடிப்பு இருக்கும். கோடுகள் கூர்மையாக இருக்கும். வார்ப்புப் போலியிலோ கோடு மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குழிகளும் விளிம்பில் வார்ப்புத் தையலும் தெரியும். இரண்டு காசுகள் விலகலிலும் வெடிப்பிலும் ஒன்றையொன்று அப்படியே ஒத்திருந்தால் இரண்டையும் ஐயுறுக. கையால் அடித்த காசு இரட்டைப் பிள்ளை பெறாது.

மண்ணிலிருந்து எடுத்த காசைப் புளியிட்டுத் துலக்குவது நம் வீட்டு வழக்கம். பித்தளைக் குடத்துக்கு அது நன்று, பழங்காசுக்குக் கேடு. நூற்றாண்டுகளாகப் படிந்த மேற்படலத்தோடு எழுத்தும் போய்விடும். மண்ணை மென்மையாக உதிர்த்துவிட்டுத் தாளில் பொதிந்து வைப்பதே போதுமானது.

இடம் போனால் பொருள் போயிற்று

ஒரு காசின் வரலாற்று மதிப்பில் பெரும்பகுதி அது கிடைத்த இடத்தில் இருக்கிறது. எந்த மனை, எத்தனை அடி ஆழம், உடன் கிடைத்த ஓடுகள் எவை, ஒற்றைக் காசா குவியலா என்ற குறிப்பு இருந்தால் அது சான்று. இல்லையேல் சந்தையில் கிடைக்கும் பொருளுக்கும் அதற்கும் வேறுபாடில்லை. 1985இல் தீக்கிரையாகும்வரை சென்னை மூர் மார்க்கெட்டில் பழம்பொருள் வாங்கிய தலைமுறை நம்மிடையே உண்டு. அவ்வாறு வாங்கிய காசு வாரிசுகளின் பெட்டியிலிருந்து வெளிப்பட்டால், "எங்கள் ஊரில் கிடைத்தது" என்ற சொல் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் விதி. அறிவித்தால் எல்லாம் பறிபோகும் என்ற அச்சம் மக்களிடம் உண்டு. அந்த அச்சமே பல காசுகளை உருக்குக் குகைக்கு அனுப்பியிருக்கிறது. கண்டெடுத்தவர்க்குரிய பங்கையும், அரசு எடுத்துக்கொண்டால் அதற்குரிய தொகையையும் அச்சட்டமே பேசுகிறது. இதனை நம் தெருவில் நாலுபேருக்குச் சொல்வதும் இலக்கியப் பணிதான்.

கண்ணால் கண்டு பழக விரும்புவோர், பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். 1851இல் தோன்றிய அந்நிறுவனத்தின் உரோமானியக் காசுத் தொகுப்பு பெரிது. நம் வட்டாரத்தின் மெய்யான பழமையை அறிய விரும்புவோர்க்குப் பூண்டியும் அத்திரம்பாக்கமும், 2015-16இல் தொல்லியல் துறை அகழ்ந்த பட்டறைப்பெரும்புதூரும் தொலைவில் இல்லை. கற்கருவி செய்த மாந்தரின் தடம் பதிந்த மண் இது. தன் பழமைக்கு உரோமாபுரியின் நற்சான்றை எதிர்பார்த்துக் காத்திருக்கவேண்டிய நிலை இம்மண்ணுக்கு இல்லை.

கவிஞர்க்கு ஒரு விண்ணப்பம். பாடுங்கள், கற்பனைக்கு நான் வேலி போடவில்லை. ஆனால் 'கிடைத்தது' என்ற வினைமுற்றை எழுதுமுன், யாருக்கு, எங்கே, எப்போது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். விடை கிடைத்தால் அந்த அடி சான்றாகவும் நிற்கும். விடை கிடைக்கவில்லையெனில் 'என்பர்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அறியாததை 'என்ப' என்று பிறர்மேல் ஏற்றிச் சொல்லும் பண்பு நம் இலக்கண ஆசிரியர்களுக்கே உண்டு. யாப்புக்கும் அது இடையூறு செய்யாது.